பொறுத்தார்

லேப்டாப் வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று வீட்டுக்குள் முணுமுணுத்தால்கூடப் போதும், அந்த வாரமே அவர் வந்துவிடுவார். கூப்பிட வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வரும்: "பட்ஜெட் என்ன?" நீங்கள் தொகையைச் சொல்வீர்கள். காபி வரும். ஒரு வாய் குடித்துவிட்டு, சோபாவில் சாய்ந்துகொண்டு, தீர்ப்பைச் சொல்வார்: "பொறுங்க."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், பதினாறு ஜிபி ராம் போதும் என்றால் அதற்கும் பொறுக்கச் சொல்பவர் இவர். ஆகவே பொறுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வசதிக்காக, மனைவியின் அண்ணன் என்றும் வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்வோம் என்றுதான் சொல்கிறேன். வீட்டில் படிப்பவர்கள் கவனிக்கவும்.

நான் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறவன். பள்ளிக்கூட நோட்டுக்குப் பழுப்புத் தாளில் போடுவது அல்ல. கதை, கவிதை, கட்டுரைத் தொகுதிகளுக்கு வடிவமைப்பது. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் என்றால், நவம்பரிலும் டிசம்பரிலும் எனக்குத் தூக்கம் கிடையாது. என் லேப்டாப் 2016இல் வாங்கியது. இடதுபக்கக் கீல் உடைந்து, திரை தானாக நிற்கும் சக்தியை இழந்து, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் சாய்ந்துகொண்டிருந்தது. பின்னட்டை வாசகத்தில் ஏதாவது சந்தேகம் வந்து அகராதியை உருவினால் திரை சாஷ்டாங்கமாக விழும். அதனால் என் அட்டைகளில் எழுத்துப்பிழை இருந்தால் அதற்கு நான் மட்டும் காரணமல்ல.

2023 ஜனவரியில் முதன்முதலாகப் பொறுத்தாரிடம் வாய்விட்டேன்.

"இப்ப போனீங்கன்னா 3050 கிராபிக்ஸ் கார்டு போட்டதைத் தலையில கட்டிருவான். அடுத்த மாசம் 4050 வருது. பொறுங்க மாப்ள."

சொன்னபடியே பிப்ரவரியில் வந்தது. போன் செய்தேன்.

"வந்துருச்சு, சரி. ஆனா முதல் லாட்டு. சூடாகும். ஊரு உலகம் வாங்கிப் பட்டுக்கட்டும், நாம அப்புறம் வாங்குவோம்."

சித்திரையில் கேட்டேன். இந்த வெயிலில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எதையும் வாங்கக் கூடாது என்றார். ஜூனில் கேட்டேன். காலேஜ் திறக்கிற நேரம், விலையை ஏற்றி வைத்திருப்பான் என்றார். ஆடி வந்தால் தள்ளுபடி போடுவான், அதுவரை பொறுங்க என்றார். ஆடி வந்தது. தெருவுக்குத் தெரு தள்ளுபடி. "ஆடியில போய் யாராவது புதுசா பொருள் வாங்குவாங்களா மாப்ள?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஆவணியில், தீபாவளிக்கு மூன்று மாதம்தானே என்றார். தீபாவளிக்கு, பண்டிகைக் கூட்டத்தில் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவான் என்றார். பொறுத்தாரின் பஞ்சாங்கத்தில் ராகுகாலம் இருக்கிறது, எமகண்டம் இருக்கிறது, குளிகைகூட இருக்கிறது. நல்ல நேரத்தை மட்டும் அச்சடிக்கவில்லை.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாம் தெரியும். அதுதான் சிக்கல். ஒன்றும் தெரியாதவரை ஒதுக்கிவிடலாம். பத்தில் ஒன்பது சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது? 4050 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு லேப்டாப்பில் அதற்கு 35 வாட்தான் கொடுத்திருப்பான், இன்னொன்றில் 115 வாட் கொடுத்திருப்பான், இரண்டும் ஒரே மாதிரி ஓடாது என்பார். உண்மை. ரிச்சி தெருவில், தலைக்கு மேல் ஒயர் தொங்கும் ஒரு கடையில் நின்றுகொண்டு இதை விற்பனைப் பையனிடமும் கேட்டார்.

"தம்பி, இதுல கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை வாட்டு போகும்?"

பையன் யோசித்தான். "சார்ஜர் நல்லா பெருசா வரும் சார்."

பொறுத்தார் என்னைப் பார்த்த பார்வையில், நாட்டின் எதிர்காலம் பற்றிய கவலை தெரிந்தது. பிறகு விசைப்பலகையின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவர்போல இரண்டு இடத்தில் தட்டினார். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். இருபது நிமிடம் அந்த லேப்டாப்பை எல்லாக் கோணத்திலும் பார்த்தவர், ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அதன் திரையை.

எனக்கு வேண்டியது திரைதான். அட்டை போடுகிறவனுக்கு 115 வாட் எதற்கு? டெம்மி அளவில் முன்னட்டை, பின்னட்டை, நடுவில் முதுகு. அதைச் சுற்றிச் சுழற்றி யாரும் சண்டை போடப் போவதில்லை. நிறம் ஒழுங்காகத் தெரிய வேண்டும். நாலைந்து ஃபைலை ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்காமல் இருக்க ராம் வேண்டும். அவ்வளவுதான். விலை குறைந்த லேப்டாப்புகளின் விவரத் தாளில் ஒரு மூலையில் '45% என்டிஎஸ்சி' என்று பொடி எழுத்தில் இருக்கும். கணினித் திரைகளுக்கெல்லாம் பொதுவாக வைத்திருக்கும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குகூட அந்தத் திரை காட்டாது என்று அதற்கு அர்த்தம். என் பழைய லேப்டாப் அந்த ஜாதிதான். குங்குமச் சிவப்பு வைத்தால் திரையில் சோகை பிடித்த சிவப்பாகத் தெரியும். போதவில்லையே என்று மெஜந்தாவை ஏற்றுவேன், இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன். அச்சில் பீட்ரூட் பொரியல் வரும். அதன் மேல் மேட் லேமினேஷன் போட்டால் நேற்றைய பீட்ரூட் பொரியல். பதிப்பாளர் போன் செய்து, "அம்மன் கதைன்னு சொன்னேனே" என்பார்.

இதைப் பொறுத்தாரிடம் சொன்னேன். "டிஸ்ப்ளேதானே? அதுக்குத்தான் ஓஎல்இடி வருது. விலை இறங்கட்டும், பொறுங்க" என்றார்.

2023 அக்டோபர் கடைசியில் ஆப்பிள் எம்3 சில்லோடு புது மேக்புக் புரோவை அறிவித்தது. திரை அருமை. கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம் என்று இருந்தேன். பொறுத்தார் கொதித்துவிட்டார். "அவ்வளவு காசு வாங்கிட்டு ஆரம்ப மாடல்ல எட்டு ஜிபிதான் தர்றான். பின்னாடி ஏத்தவும் முடியாது. சில்லோட சேர்த்தே வெச்சுட்டான். பதினாறு ஆக்காம நாம வாங்கக் கூடாது." நாம் என்றால் நானும் அவரும். எங்கள் இருவரின் புறக்கணிப்பு அந்த நிறுவனத்தை எந்த அளவு பாதித்ததோ தெரியாது, ஆனால் சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024 அக்டோபரில், மேக்புக் ஏர் வரைக்கும் அதே விலையில் பதினாறு ஜிபி ஆக்கிவிட்டார்கள். அன்று இரவு பதினோரு மணிக்கு போன். "சொன்னேன்ல மாப்ள!" ஏதோ இவரே போய்ப் பேசி முடித்த மாதிரி ஒரு குரல்.

"சரி மச்சான், நாளைக்கே வாங்கிரவா?"

மறுமுனையில் ஒரு சின்ன மௌனம். "இப்ப எதுக்கு? இன்னும் நாலஞ்சு மாசத்துல எம்4 ஏர் வந்துரும்."

அதுவும் வந்தது, 2025 மார்ச்சில். முந்தைய மாடல் வந்தபோது இருந்த விலையைவிடக் குறைவாகவே வந்தது. அதிலும் அவர் சொன்னது பலித்தது. வாங்கினோமா? இல்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் ஜிஎஸ்டி. 2025 ஆகஸ்ட் 15 அன்று வரியைக் குறைக்கப்போவதாகப் பிரதமர் செங்கோட்டையில் பேசி முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. "கேட்டீங்களா? ஒரு மாசம் மூச்சு விடாம இருங்க." இருந்தேன். செப்டம்பர் 22 அன்று புதிய வரி நடைமுறைக்கு வந்தது. ஏசிக்குக் குறைந்தது. பெரிய டிவிக்குக் குறைந்தது. பாத்திரம் கழுவும் மிஷினுக்குக் குறைந்தது. லேப்டாப்புக்கு ஏற்கெனவே பதினெட்டு சதவீதம். அதே பதினெட்டில் அப்படியே நின்றது. போன் செய்து சொன்னேன்.

"அப்படியா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஏசி வாங்கிருங்களேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து 'வாங்கிருங்க' என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் சொல்வதற்குச் சிரிப்பு வரவில்லை. 2024 டிசம்பரில் ஒரு ராத்திரி, அட்டை ஒன்றை முடித்து சேவ் கொடுத்த நேரத்தில் அந்தப் பழைய லேப்டாப் அணைந்துபோனது. மறுபடி உயிர் வந்தபோது அந்த ஃபைல் திறக்கவில்லை. மறுநாள் காலையில் அச்சகத்துக்குப் போக வேண்டியது. பதிப்பாளர் திட்டவில்லை, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஏழு அட்டைகளையும் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அந்த ஏழு அட்டைக் காசோடு கையிலிருந்ததைச் சேர்த்தால் ஒரு நல்ல லேப்டாப் வந்திருக்கும். இதைச் சொன்னபோது பொறுத்தார் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் தன் மேல் ஒரு தவறும் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? வாங்கச் சொல்கிறவனுக்குப் பொறுப்பு இருக்கிறது. நாளைக்குச் சூடானால், விலை இறங்கினால், கீறல் விழுந்தால், "நீ சொல்லித்தானே வாங்கினேன்" என்று சட்டையைப் பிடிக்கலாம். பொறுக்கச் சொல்கிறவனுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. வாங்காத லேப்டாப் சூடாகாது. வாங்காத லேப்டாப்பின் விலை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மூன்று வருஷமாக அவர் தோற்கவே இல்லை. தோற்றதெல்லாம் நான்.

2025 தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மகள் அந்த ஜூனில்தான் விஸ்காம் சேர்ந்திருந்தாள். கல்லூரி வேலை ஏதோ செய்துகொண்டிருந்தாள், நீல நிற லேப்டாப்பில்.

"இது எப்பம்மா வாங்குனது?"

"காலேஜ் சேர்ந்தப்பவே மாமா. அப்பாதான் வாங்கித் தந்தாரு. மாலுக்குப் படம் பார்க்கப் போனோம்ல, இன்டர்வெல்ல வாங்கிட்டோம்."

இன்டர்வெல்லில். பாப்கார்ன் வாங்கும் நேரத்தில். நான் பொறுத்தாரைப் பார்த்தேன். அவர் முறுக்கைப் பார்த்தார்.

"எத்தனை வாட்டு மச்சான்?"

"பாப்பா கேட்டுச்சு மாப்ள" என்றார். மேலே விளக்கம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அவள் என் அட்டை ஒன்றைத் தன் லேப்டாப்பில் திறந்து காட்டினாள். சிவப்பு சிவப்பாக இருந்தது. எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டேன். கடையில் வரிசையாக வைத்திருந்த எல்லாவற்றிலும் தன் போட்டோ ஒன்றையே திறந்து பார்த்தாளாம். தன் பச்சைத் தாவணி பச்சையாகத் தெரிந்ததை எடுத்துக்கொண்டாளாம். பதினெட்டு வயது.

நவம்பரில் யாரிடமும் சொல்லாமல் போனேன். பென்டிரைவில் அந்த அம்மன் அட்டையைப் போட்டு எடுத்துக்கொண்டேன். நான்கு லேப்டாப்பில் திறந்தேன், சிவப்பாகத் தெரிந்ததை வாங்கினேன். பில் போடும்போது பையன் சொன்னான்: "நல்ல நேரத்துல வந்தீங்க சார். ராம் விலை ஏறிட்டே போகுது. ஏஐக்குன்னு பெரிய பெரிய கம்பெனிங்க மொத்தமா வாங்கிக்கிறாங்களாம். அடுத்த மாசம் இந்த விலைக்குத் தர முடியாது." கடைக்காரர்கள் எல்லாரும் சொல்வதுதான், ஆனால் இந்த முறை அது நிஜமாகவே நிஜம்.

விஷயம் அன்று மாலையே கசிந்தது. யார் மூலம் என்று எழுதினால் இரவுச் சாப்பாடு கிடைக்காது. எட்டு மணிக்குப் பொறுத்தார் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. புது லேப்டாப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாட் கேட்கவில்லை, கவிழ்க்கவில்லை, தட்டவில்லை.

"பழசு எங்க?" என்றார்.

பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். அகராதியை மெதுவாக நகர்த்தி, பழைய லேப்டாப்பைக் கவிழ்த்து, திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் ஒரு வெள்ளைத் தாளில் செல்லோடேப்பால் ஒட்டிவைத்தார். ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, அதற்கென்றே கொண்டுவந்திருந்த கேபிளில் மாட்டிப் புது லேப்டாப்பில் செருகினார். பத்து வருஷத்து அட்டைகள், பல ஆயிரம் தமிழ் எழுத்துருக்கள், நான் போய்விட்டது என்று அழுத ஃபைல்கள். திரையில் பச்சைக் கோடு கிளம்பியது. இன்னும் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம்.

"நீங்க போய்ப் படுங்க மச்சான், நான் பார்த்துக்கறேன்."

"இருக்கட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினொன்றரைக்கு எட்டிப் பார்த்தேன். கோடு பாதியில் நின்றிருந்தது. எழுத்துரு கோப்புறையில் மாட்டிக்கொண்டு, இன்னும் மூன்று மணி நேரம் என்று கூடியிருந்தது. அவர் கன்னத்தில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நிம்மதியான முகத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை.

"என்ன மச்சான், ஏறுதே?"

"குறையும்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொறுங்க."