கானபியாற்றுப்படை

வெளிநாட்டில் குடியேறிக் கார் வாங்கியவர், நம்பத்தக்க வழிகாட்டிக் கருவி ஒன்றைத் தேடிக் கடைக்குப் போய்க் கேட்கும் முதல் கேள்வியே பிழையானது என்பது இவ்வாய்வின் துணிபு. ‘இது சரியாக வழி காட்டுமா?’ என்று அவர் கேட்கிறார். காட்டும் என்கிறார் கடைக்காரர். காட்டாது என்று எந்தக் கடைக்காரரும் சொன்னதாகச் சான்றில்லை. ஆகவே அந்த விடைக்கு ஆய்வு மதிப்பும் இல்லை. கேட்டிருக்க வேண்டியது வேறு: ‘இது என்னை எந்த இடத்தில் கைவிடும்? சொல்லிவிட்டுக் கைவிடுமா, சொல்லாமல் கைவிடுமா?’ வழி காட்டுவது கருவியானாலும் சரி, தேநீர்க் கடை வாசலில் நிற்கும் பெரியவரானாலும் சரி, எங்கோ ஓரிடத்தில் நம்மை விட்டே தீரும். அதை நம்பலாமா கூடாதா என்று தீர்மானிப்பது வழியைப் பற்றிய அறிவன்று. தன் அறிவு எங்கே முடிகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லும் குணம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வெளிநாட்டார் வாயில் அடிக்கடி வசவு வாங்கும் ஜப்பானியக் கார் கருவியே நம்பகத்தில் முதலிடம் பெறும். அதை நிறுவுவதே இங்கு நோக்கம்.

ஜப்பானை ஆய்வுக்களமாகக் கொண்டது தற்செயலன்று. கார் வழிகாட்டியின் பிறந்த வீடுகளுள் அது ஒன்று. செயற்கைக்கோளின் துணை ஏதுமின்றி, வாயு ஜைரோஸ்கோப்பை நம்பி இயங்கும் கருவி ஒன்றை ஹோண்டா நிறுவனம் 1981இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வரைபடங்கள் ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டவை. ஒரு வட்டாரத்தைத் தாண்டியதும் ஓலைச்சுவடியைப் புரட்டுவதுபோல் ஓட்டுநரே அடுத்த தாளைச் செருகிக்கொள்ள வேண்டும். 1990இல் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ காரில் ஜிபிஎஸ் ஏறி அமர்ந்தது. ஜப்பானியர் இவ்வகைக் கருவியைக் ‘கானபி’ என்பர். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு கண்ட பேராசிரியர் சுசுமு ஓனோவின் அடியொற்றுவோர், காட்டைக் குறிக்கும் ‘கான்’ என்ற நம் சொல்லிலிருந்து இதை வருவிக்க ஆசைப்படலாம்; வழி தவறுவதற்குக் காட்டைவிடப் பொருத்தமான இடம் ஏது? ஆனால் அது ‘கார் நேவிகேஷன்’ என்பதன் குறுக்கம்தான் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறோம்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்றவருக்கு ஜப்பானியச் சாலை முதலில் சொந்த ஊர்போலவே தோன்றும். ஸ்டியரிங் அதே வலப்பக்கம், வண்டி ஓடுவது அதே இடப்பக்கம். வேறுபாடு முகவரியில் தொடங்குகிறது. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பெயரும் எண்ணும் தெருவுக்கல்ல, தெருக்களால் சூழப்பட்ட நிலத்துக்கு. பேட்டை, அதற்குள் வட்டம், அதற்குள் மனைத்தொகுதி, அதற்குள் கட்டடம் என்று முகவரி பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிவரும். தெரு என்பது இரண்டு முகவரிகளுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடம். 1962இல் வந்த சட்டம் கட்டடங்களுக்கு வரிசையாக எண் கொடுக்க முயன்றது. அது நடைமுறைக்கு வராத இடங்களிலோ இன்றும் நிலப்பதிவேட்டின் பழைய மனை எண்தான் முகவரி. பன்னிரண்டுக்குப் பக்கத்தில் எழுபது இருந்தால் யாரும் வியப்பதில்லை. கியோத்தோ இன்னும் ஒருபடி மேல். இந்தத் தெருவும் அந்தத் தெருவும் கூடுமிடத்திலிருந்து ‘ஏறு’ என்றால் வடக்கு, ‘இறங்கு’ என்றால் தெற்கு. முகவரியே அங்கு வழி சொல்லிவிடுகிறது. ஆனால் அதைப் பின்பற்ற, கூடுமிடம் எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவருக்கு முகவரி எதற்கு?

இத்தகைய நாட்டில் ‘தெரு முனையில் வலப்பக்கம், மூன்றாம் வீடு’ என்னும் பாணி செல்லாது. ஆகவே கானபி முகவரியை நம்புவதை விட்டுவிட்டு எண்களை நம்பத் தொடங்கியது. போக வேண்டிய கடையின் தொலைபேசி எண்ணை அழுத்தினால் அதுவே இலக்கு. அல்லது ‘மேப்கோட்’ எனப்படும் எண். நாடு முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் சூட்டிய ஏற்பாடு அது. ஹொக்கைடோவில் வாடகைக் கார் எடுக்கும் சுற்றுலாப் பயணி எரிமலை ஏரியின் பெயரை எழுதத் தெரியாமலே எண்ணால் அதை அடைந்துவிடுவார். கருவி இங்கே மறைமுகமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறது: முகவரி எனக்குச் சரியாகப் புரியாது, எண்ணைக் கொடுங்கள். அறியாமையை இவ்வளவு கண்ணியமாக அறிவித்த இயந்திரம் குறைவு.

கருவிக்குப் புரியாதது முகவரி மட்டுமா? பூமியே கொஞ்சம் புரிபடாத பொருள்தான். மெய்ஜி காலத்திலிருந்து ஜப்பானிய நிலப்படங்கள், ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் 1841இல் கணித்த பூமி வடிவத்தின் மேல், தோக்கியோவில் நட்ட ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து வரையப்பட்டன. செயற்கைக்கோள்கள் நம்பியதோ வேறொரு பூமியை. இரண்டுக்கும் இடையே தோக்கியோ பக்கத்தில் சுமார் 450 மீட்டர் வித்தியாசம். 2002 ஏப்ரலில் நாடே உலக அளவைக்கு மாறும்வரை, வெளியிலிருந்து கொண்டுவந்த ஜிபிஎஸ் காட்டிய எண்களைத் திருத்தாமல் ஜப்பானியப் படத்தில் வைத்தவர், நிற்கும் இடத்திலிருந்து ஐந்தாறு நிமிட நடைத் தொலைவில் நிற்பதாக அறியப்பட்டார். சரி, மாறியபின்பாவது நிம்மதியா? 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஓஷிக்கா தீபகற்பம் ஐந்து மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்தது. தோக்கியோவில் இருக்கும் அந்தத் தொடக்கப் புள்ளியே சுமார் 27 சென்டிமீட்டர் கிழக்கே தள்ளிப்போனது. அதே ஆண்டில் அதன் எண்களைத் திருத்தி அறிவித்தார்கள். எல்லாத் தூரங்களும் எங்கிருந்து அளக்கப்படுகின்றனவோ அந்த இடமே இருந்த இடத்தில் இல்லாத நாட்டில், கருவி மட்டும் அசையாத உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்.

இதற்கு மேல், கருவிகளுக்குப் பொய் சொல்லும் வழக்கமும் உண்டு. 2000 மே மாதம்வரை அமெரிக்கா ஜிபிஎஸ் அலைகளில் வேண்டுமென்றே பிழை கலந்துதான் பொதுமக்களுக்குத் தந்தது. நூறு மீட்டர் தள்ளிக் காட்டுவது அக்காலத்தில் இயல்பு. கார் ஆற்றிலும் அரிசி வயலிலும் ஓடுவதாகக் காட்டினால் ஓட்டுநர் அஞ்சுவார் என்பதால், எங்கே இருந்தாலும் அருகிலுள்ள சாலையின் மேல் காரை ஒட்டவைக்கும் உத்தியைப் பொறியாளர்கள் கையாண்டார்கள். நல்லெண்ணப் பொய். தோக்கியோவில் இதற்குச் சோதனை வந்தது. அங்கே நெடுஞ்சாலை, சாதாரணச் சாலையின் தலைக்கு மேலேயே தூண்களில் ஓடுகிறது. கார் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கோளிலிருந்து வரும் அலையை மட்டும் வைத்துக் கருவிக்குத் தெரியாது. கீழே சிவப்பு விளக்கில் நிற்கும் காரைக் கருவி மேலே நெடுஞ்சாலையில் ஏற்றிவைக்கும். இதற்கு ஜப்பானியர் கண்ட தீர்வைத்தான் இவ்வாய்வு தன் முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. பல கானபிகளில் ‘சாதாரணச் சாலைக்கு மாற்று’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதன் பொருள்: நான் எந்தச் சாலையில் இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். யமாத்தே சுரங்கச் சாலையில் 18.2 கிலோமீட்டருக்கு வானமே தெரியாது. அங்கே கருவி சக்கரத்தின் சுழற்சியை எண்ணிக்கொண்டு, கண் கட்டப்பட்டவர் அடியெண்ணி நடப்பதுபோல் போகிறது. சுரங்கத்தின் ஓஹாஷி சந்திப்பில் சாலை சுருள்வட்டமாக மேலேறும் இடத்தில் அது தலைசுற்றி நின்றால் மன்னிக்கலாம்.

இங்கு மறுப்புகள் எழும். ‘அற்றேல், மொழி புரியாத கருவி எவ்வளவு நேர்மையாக இருந்து என்ன?’ எனின், அன்று. கானபியின் சொல்வளம் மிகச் சிறியது. வலத்துக்கு ‘மிகி’, இடத்துக்கு ‘ஹிதாரி’. இவற்றோடு எண்களும் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. தமிழருக்கு மட்டும் ஒரு சலுகையும் உண்டு. அது பேசும் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஏறத்தாழ 300 மீட்டர் அப்பால், வலத்திசை ஆகும்’ என வரும். சொற்களின் வரிசை அச்சு அசலாக நம்முடையது, வினை கடைசியில். காது ஏற்கெனவே காத்திருக்கப் பழகியது. பேராசிரியர் ஓனோவின் முடிவுகளை ஏற்காதவரும் ஒரு நாற்சந்தியில் இதை ஏற்றாக வேண்டும்.

‘வரைபடம் பழையதாகிவிடுமே’ என்பது வலுவான மறுப்பு. புதுப்பிக்கப் பணம் கேட்கிறார்கள். பழைய கார் வாங்கியவர் அந்தப் பணத்தில் டயர் மாற்றிக்கொள்ளவே விரும்புவார். 2012 ஏப்ரலில் ஷின் தோமெய் விரைவுச் சாலையின் 162 கிலோமீட்டர் ஒரே நாளில் திறக்கப்பட்டது. புதுப்பிக்காத கருவியோடு அதில் ஏறியவரின் கார் திரையில் சாலையே இல்லாத மலைகளின் மேல் நெடுநேரம் பறந்திருக்கும். குறைதான், மறுக்கவில்லை. ஆனால் திரையைப் பாருங்கள்: கார் வெறும் பச்சை நிலத்தில் போகிறது, கருவி தடுமாறுகிறது, தடுமாறுவதை ஒளிக்கவில்லை. பழைய வரைபடம் தன் வயதை முகத்திலேயே எழுதிக்கொண்டு வருகிறது. புதிய வரைபடம் தவறும்போதுதான் நமக்குத் தெரிவதில்லை.

இவ்விடத்தில் இளைய தலைமுறை தன் பையிலிருந்து செல்பேசியை எடுத்து நீட்டும். ‘இது இருக்க அது எதற்கு?’ சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது: 2019 டிசம்பர் முதல், ஓட்டிக்கொண்டே செல்பேசியைக் கையில் பிடித்துப் பார்த்தால் சாதாரணக் காருக்கு அபராதம் 6,000 யென்னிலிருந்து 18,000 யென் ஆகிவிட்டது. தாங்கியில் பொருத்திக்கொண்டால் என்ன என்பீர்கள். பொருத்திக்கொள்ளுங்கள், அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதற்கும் தடைதான். அதே 2019 மார்ச்சில் கூகுள் வரைபடம் ஜப்பானில் தன் தரவை மாற்றியபோது, இருந்த சாலைகள் காணாமல் போயின, வண்டி நிறுத்துமிடங்கள் சாலையாகிவிட்டன என்று மக்கள் முறையிட்டதும் பதிவில் உள்ளது. ஆனால் இவை சில்லறைக் காரணங்கள். செல்பேசியின் மேல் உள்ள உண்மையான குற்றச்சாட்டு அது பயணத்தின் முடிவில் சொல்லும் சொல். கட்டடத்தின் பின்சுவருக்கு எதிரே, நடுவில் ஒரு கால்வாய் ஓட, ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று அது அறிவிக்கிறது. கானபி அவ்விடத்தில் சொல்வது: ‘இலக்கின் சுற்றுவட்டாரம் வந்துவிட்டது. குரல் வழிகாட்டல் இத்துடன் முடிகிறது.’ இவ்விரு வாக்கியங்களுக்கும் உள்ள தூரமே இக்கட்டுரை.

பூமிக்கு மேல் 20,200 கிலோமீட்டரில் சுற்றும் ஜிபிஎஸ் கோள்களின் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்துகிறது. ஐன்ஸ்டீனின் கணக்கால் அதைத் திருத்தாவிட்டால் ஒரு நாளில் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். திருத்தியாயிற்று. ஆனால் பல் மருத்துவமனையின் வாசல் கிழக்கா மேற்கா என்பதற்கு ஐன்ஸ்டீனிடம் விடையில்லை. கடைசி நாற்பது மீட்டர் இயற்பியலுக்குப் புறம்பானது. அதைத் தெரிந்துகொண்டு வாய் மூடுவது அறிவு. தெரியாமல் வாழ்த்துச் சொல்வது விளம்பரம்.

‘முடிவுவரை வராதவர் வழிகாட்டியே அல்லர்’ என்று வாதிடுவோருக்குத் தமிழ் மரபே மறுமொழி தருகிறது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிர்ப்படும் பாணனுக்கு வழி சொல்கிறான். மலைபடுகடாம் 583 அடிகளில் காட்டுவழியின் இடர்களையெல்லாம் எடுத்துரைக்கிறது. இவற்றுள் எதிலாவது வழி சொன்னவன் கூடவே திரும்பிப் போனானா? சொல்லி முடித்துத் தன் வழியே போகிறான். கூட வந்தால் அது ஆற்றுப்படையன்று, அழைத்துப்போதல். இரண்டும் வெவ்வேறு துறை. ஜப்பான் 2010இல் ஏவத் தொடங்கிய தன் சொந்த வழிகாட்டிக் கோள்களுக்கு ‘மிச்சிபிகி’ என்று பெயரிட்டது. வழி நடத்துதல் என்பது அதன் பொருள். அவற்றுள் ஒன்றாவது ஜப்பானின் உச்சிக்கு அருகே நிற்கும்படி அமைத்தார்கள், உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அலை இறங்க வேண்டும் என்பதற்காக. தமிழில் அதற்கு ஆற்றுப்படை என்றே பெயர் வைக்கலாம். கேட்க யாரும் வரவில்லை.

கருவி பேச்சை நிறுத்தியபின் என்ன செய்வது என்ற ஐயம் எஞ்சும். ‘கோபான்’ எனப்படும் சிறு காவல் சாவடியில் வட்டாரப் படம் இருக்கும். காவலர் வெளியே வந்து கைநீட்டிக் காட்டுவார். அவரும் கூட வரமாட்டார்.

கானபியின் வாய்மைக்குக் கடைசிச் சான்று, பயணம் தொடங்குமுன்பே கிடைப்பது. வண்டியைக் கிளப்பியதும் பல கானபிகள் அன்று என்ன நாள் என்று அறிவிக்கும். எண்களின் ஒலியை வைத்துச் சொல் விளையாடும் பழக்கத்தால் மே 30 அங்கே குப்பையில்லா நாள். நவம்பர் 22 நல்ல தம்பதியர் நாள். அந்த நவம்பர் காலையில் இருவர் முன்னிருக்கையில் ஏறுகிறார்கள். இன்று நல்ல தம்பதியர் நாள் என்கிறது கருவி. ஒரு மணி நேரம் கழித்து, இருபுறமும் மதில் நெருக்கும் பெயரற்ற சந்தில், முன்னே போக வழியின்றி வண்டி நிற்கும்போது, சுற்றுவட்டாரம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அது அமைதியாகிறது. அடுத்து அந்தக் காருக்குள் நிகழும் உரையாடல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. குரல் வழிகாட்டல் இத்துடன் முடிகிறது.