உங்க முறைதானுங்க மாமா

சதுரங்கம் தெரியாதவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்ப உறுதியாக இருப்பார்கள். பலகையில் காய் குறையக் குறைய ஆட்டம் சுலபமாகிவிடுமாம். எங்கள் பவானியில் இந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம். வாத்தியார் மாமா வீட்டுத் திண்ணையில் ஆட்டம் நடக்கும்போது ராணியும் குதிரையும் இருக்கும்வரை சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ராணி வெட்டுப்பட்டதும் பாதிப் பேர் டீக்கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சினால், "இனி என்னுங்க இருக்குது இதுல?" என்று மிச்சப் பேரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

வழக்கே அதற்கப்புறம்தான் ஆரம்பமாகும்.

மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதிரே உட்காருபவர் தறிக்கார அண்ணன். குழித்தறியில் ஜமக்காளம் நெய்கிறவர். மாமாவுக்கு வேகம், அண்ணனுக்குப் பொறுமை. அன்றைக்கு மாமாவின் வெள்ளை ராஜா ஈ4 கட்டத்தில் நின்றது. அதற்கு நேர் பின்னால், ஈ3-ல் அவருடைய ஒரே சிப்பாய். அண்ணனின் கருப்பு ராஜா ஈ6-ல். இரண்டு ராஜாவுக்கும் நடுவில் ஒரே ஒரு கட்டம் காலி. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இருட்டிலேயே காபி வந்தது, அந்தியூர்ப் பக்கம் மழையா இல்லையா என்ற பேச்சு வந்தது, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பேச்சும் வந்தது. கடைசியாகக் கரண்ட் வந்தபோது இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகம்: இப்போது யார் முறை?

"என் முறைதான்" என்றார் மாமா, பள்ளிக்கூடத்துக் குரலில்.

"இல்லீங்க மாமா, நாந்தான் ஆடோணும்" என்றார் அண்ணன்.

கல்லூரியில் படிக்கும் மாமாவின் பேரன் கைபேசியில் அந்த நிலையைப் போட்டுப் பார்த்தான். இரண்டு ராஜாவையும் சேர்த்து ஏழு காய் வரைக்கும், வரக்கூடிய எல்லா நிலைகளுக்கும் கணினிகள் விடை கண்டு வைத்திருக்கின்றன. மூன்று காய் அவற்றுக்குத் தூசு. பையன் சொன்னான்: "அப்புச்சி, இது உங்க முறைன்னா டிரா. அவுரு முறைன்னா நீங்க ஜெயிச்சிருவீங்க."

அவ்வளவுதான். மறைந்துபோயிருந்த ஞாபகசக்தி இருவருக்கும் அதே நொடியில் திரும்பிவிட்டது.

"நெனச்சுப் பார்த்தா உன் முறைதான் கண்ணு. நீயே ஆடு."

"உங்க முறைதானுங்க மாமா. பெரியவங்க இருக்கறப்ப நான் முந்தலாமுங்களா?"

கொங்கு நாட்டு மரியாதை உலகப் பிரசித்தம். அது இவ்வளவு கூர்மையான ஆயுதம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒருவர் மேல் ஒருவர் 'ங்க'வை வீசிக்கொண்டு, பலகையை மட்டும் யாருமே தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

விவரம் இதுதான். ராஜாக்கள் ஒரு கட்டம் இடைவெளி விட்டு முகத்துக்கு முகம் நின்றால், யார் நகர வேண்டுமோ அவர் வழிவிட்டே ஆக வேண்டும். எதிராளியின் ராஜாவை ஒட்டி நிற்க அனுமதி இல்லை. முன்னால் போக முடியாது, பக்கவாட்டில்தான் ஒதுங்க வேண்டும், இல்லாவிட்டால் பின்வாங்க வேண்டும். அண்ணன் ஒதுங்கினால், மாமாவின் ராஜா மறுபக்கம் உள்ளே புகுந்து சிப்பாய்க்குப் பாதை போட்டுவிடும். மாமா ஒதுங்கினால், அண்ணனின் ராஜா அதே பக்கம் ஒதுங்கி மறுபடி எதிரே நிற்கும். சிப்பாய் கரையேறி ராணியாகவே முடியாது. ஆட்டக்காரர்கள் இந்த முகத்துக்கு முகம் நிற்பதை ஆப்போசிஷன் என்கிறார்கள். நகர்ந்தால் நஷ்டம், நகராமலும் இருக்க முடியாது என்கிற நெருக்கடிக்கு ஜெர்மன்காரர்கள் சுக்ஸ்வாங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்ச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு மாடு பேசுகிறவர்களுக்குப் பெயரெல்லாம் தேவையில்லை. முதலில் விரலை அசைத்தவன் கெட்டான், அவ்வளவுதான்.

இதில் மாமாவை இன்றைக்கும் தூங்கவிடாத சங்கதி ஒன்று உண்டு. அதே நிலையில் சிப்பாய் ஈ3-க்கு வராமல் ஈ2-லேயே இருந்திருந்தால், முறை யாருடையதாக இருந்தாலும் மாமாவுக்குத்தான் ஜெயம். ராஜாவைத் தொடாமல் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, "இப்ப நீ ஆடு" என்று முறையை எதிராளி தலையில் கட்டியிருக்கலாம். அந்த ஒரு கட்டத்தைக் கைவசம் வைத்துக்கொள்ளாமல், நாலு நகர்வுக்கு முன்பே அவசரப்பட்டுச் செலவழித்துவிட்டார். முப்பது வருஷம் பையன்களுக்குச் சேமிப்புக் கணக்கில் வட்டி போடச் சொல்லிக்கொடுத்த மனிதர்!

"மூணு காயை வெச்சுக்கிட்டு இந்த மனுசன் சோறு தண்ணி இல்லாம ஒக்காந்திருக்கறாரே" என்று அத்தை புலம்பினார். அத்தைக்கு ஒரு செய்தி சொன்னேன்: உலகப் பட்டமே இப்படிச் சில காய்களை வைத்துக்கொண்டுதான் கைமாறியது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், செந்தோசா. பட்டம் வைத்திருந்த டிங் லிரனுக்கும் நம் சென்னைப் பையன் குகேஷுக்கும் பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம். அதுவரை ஆளுக்கு ஆறரைப் புள்ளி. இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். பார்த்தவர்கள் பலரும் டிரா என்று முடிவுகட்டிவிட்டார்கள். எங்கள் திண்ணைக் கூட்டம் அங்கே இருந்திருந்தால் டீக்கடைக்கே போயிருக்கும். 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, வெட்டிக்கொள்ளலாம் என்றார். குகேஷ் ஒரு கணம் திடுக்கிட்டார், தண்ணீர் குடித்தார், நிதானமாக வெட்டினார். டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் கிடந்தது. மூலையில் இருக்கும் மந்திரிக்கு வெளியே வர ஒரே ஒரு சாலைதான். அந்தச் சாலையின் நடுவில், டி5-ல், குகேஷ் தன் மந்திரியை நிறுத்தினார். ஒதுங்க இடமில்லை, மந்திரிகளும் வெட்டுப்பட்டன. மிஞ்சியது இரண்டு ராஜாவும், குகேஷின் இரண்டு சிப்பாயும், டிங்கின் ஒரு சிப்பாயும். டிங்கின் ராஜா ஈ3-க்கு வந்தது. குகேஷ் ராஜாவை ஈ5-ல் வைத்தார். நடுவில் ஒரு கட்டம் காலி, நகர வேண்டியவர் டிங். அவர் நகரவில்லை, கை கொடுத்துவிட்டார். பதினெட்டு வயதில் உலக சாம்பியன். 1985-ல் காஸ்பரோவ் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு.

"பாத்தியா, அதே ஈ வரிசை!" என்று மாமா துள்ளினார். ஒரு வித்தியாசம் உண்டு: சிங்கப்பூரில் கடிகாரம் இருந்தது, நடுவர் இருந்தார், நகர்வை எழுதிவைக்கத் தாள் இருந்தது. அங்கே கரண்டும் போகவில்லை. "உங்க முறைதானுங்க குகேஷ்" என்று டிங் சொல்லிப் பார்க்க வழியே இல்லை.

கியூபாவின் சதுரங்க மேதை கபாபிளாங்கா, கற்றுக்கொள்பவர்கள் இறுதியாட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பார். நாம் கேட்பதில்லை. முதல் பத்து நகர்வை மனப்பாடம் செய்யச் சொல்லும் காணொளிகளுக்குத்தான் கூட்டம். மாமாவும் விதிவிலக்கல்ல. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக விஸ்வநாதன் ஆனந்த் ஆனது இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, கோவையில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் போட்டியில் ஜெயித்துத்தான். அந்தப் பெருமையைச் சொல்லும்போது மாமாவின் குரல் உயரும். ஆனால் அடுத்த ஆட்டத்திலும் சிப்பாயை அவசரமாகத் தள்ளுவார்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டிரா என்று அண்ணன் சொல்கிறார். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று மாமா சொல்கிறார். கடைசியில் அத்தை பலகையை மடித்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் பலகை இருந்தால் ஒன்று வைத்துப் பாருங்கள். ரிச்சர்ட் ரெட்டி 1921-ல் அமைத்த புதிர். வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கருப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். கருப்புச் சிப்பாய் ராணியாக ஓடுகிறது, வெள்ளை ராஜா துரத்திப் பிடிக்கவே முடியாத தூரம். வெள்ளைச் சிப்பாயோ கருப்பு ராஜாவின் வாயருகே நிற்கிறது. ஆனாலும் டிரா உண்டு. ஒரு துப்பு: ராஜாவை நேர்கோட்டில் ஓட்டாதீர்கள், மூலைவாட்டில் நடத்துங்கள். கைபேசியை எடுக்காமல் கண்டுபிடித்தால் பவானிக்கு வாருங்கள். மாமா உங்களோடு ஓர் ஆட்டம் போடுவார். யார் முறை என்பதை மட்டும் நீங்களே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.