வெள்ளிக்கிழமை இரும்பு

சனிக்கிழமை இரும்பு வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமை கூடுவதால் அந்த ஒரு தோஷத்திலிருந்து மட்டும் நான் தப்பித்து வருகிறேன்.

பழைய டிரங்க் ரோடில் பூச்செடி, கோழிக்குஞ்சு, செல்போன் உறை, பாதி மிக்ஸி எல்லாவற்றையும் தாண்டிப் போனால், தார்ப்பாயில் இரும்பைக் கொட்டி வைத்திருக்கும் வரிசை வரும். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை நினைத்துப் பெருமூச்சு விடும் பெரியவர்களெல்லாம் அங்கேதான் குனிந்து எதையாவது கிளறிக்கொண்டிருப்பார்கள். நானும் குனிவேன். எனக்கு வேண்டியவை இழைப்புளி, உளி, ரம்பம், கை டிரில். இரண்டே நிபந்தனைகள்தான்: மின்சாரம் கேட்கக் கூடாது, என்னைவிட வயதில் மூத்ததாக இருக்க வேண்டும்.

பழைய இரும்பு வாங்குபவன் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. துருவுக்கு அடியில் 'ஷெஃபீல்டு' என்ற எழுத்து தட்டுப்பட்டால் உடனே அதைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் குக்கர் மூடிக்கு விலை கேட்க வேண்டும். மூடியின் விலையைக் கேட்டு அதிர்ச்சி அடைந்துவிட்டு, போகிற போக்கில், "இது என்ன, எடைக்குப் போடறதா?" என்று காலால் காட்ட வேண்டும். முன்பெல்லாம் இது பலித்தது. இப்போது கடைக்காரத் தம்பி போனில் படம் பிடித்து, அது அமெரிக்காவில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, டாலரை ரூபாயாக மாற்றிச் சொல்கிறார்.

"வெள்ளைக்காரன் காலத்துது சார். வெயிட்டைப் பாருங்க."

"பிளேடே இல்லையே தம்பி."

"அதனாலதான் சார் இந்த விலைக்குச் சொல்றேன்."

இரும்பு இழைப்புளிகளில் ஸ்டான்லி என்ற பெயருக்குத் தனி மவுசு. லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர், பிளேடைத் திருகாணியால் ஏற்றி இறக்கும் ஏற்பாட்டைச் செய்து காப்புரிமை வாங்கினார். 1869இல் ஸ்டான்லி கம்பெனி அந்த உரிமைகளை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு உலகத்தில் வந்த இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை அவர் வரைந்த கோட்டைத் தாண்டவே இல்லை. சேகரிப்பவர்கள் இவற்றுக்கு ஜாதகமே கணிப்பார்கள். பிளேடுக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்த்திருந்தால் 1910க்கும் 1918க்கும் இடையே பிறந்தது. பித்தளைத் திருகு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ரப்பர் இருந்தால் இரண்டாம் உலகப் போர்க் குழந்தை. பித்தளை முழுக்கத் தோட்டாவுக்குப் போய்விட்ட காலம். இதையெல்லாம் கரைத்துக் குடித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எந்த இழைப்புளியையும் தலைகீழாகப் பிடித்து வருடம் சொல்லிவிடுவார். மரத்தில் வைத்துத் தள்ளச் சொன்னால் மட்டும் அவருக்குத் தோள் வலி வந்துவிடும்.

இந்த நண்பரோடு பழகியதில் எனக்கு ஒரு கொள்கை பிறந்தது. பழைய கருவி ஒன்று கன்னி கழியாமல், பெட்டியோடு, விளக்கத்தாளோடு கிடைத்தால், அது யாருக்கும் உதவாத கருவி என்று அர்த்தம். உதவியிருந்தால் இவ்வளவு நாள் யார் சும்மா விட்டிருப்பார்கள்?

ஸ்டான்லி 55ஆம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1897இல் வந்தது. இதற்குள் ஒரு மரப்பட்டறையே அடங்கியிருக்கிறது என்று கம்பெனியே விளம்பரம் செய்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிளேடுகள், தனித்தனியாக நகரும் தண்டவாளங்கள், எண்ணற்ற திருகாணிகள். விதவிதமான அலங்கார விளிம்புகளை இதை வைத்து இழைக்கலாம். எல்லாவற்றையும் நேராக்கி முடுக்கி முடிக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் இன்றும் ஏலத்தில் 55 வரும்போது, பிளேடுகளின் உறை கலையாமல் வருகிறது. நண்பரிடம் ஒன்று இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து விளக்கத்தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்டான்லி 1ஆம் எண் இன்னும் மோசம். 5½ அங்குலம்தான் நீளம். பெரியவர்கள் கையில் அடங்காது, அதாவது அடங்கி மறைந்தே போய்விடும். ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள். போலிகூடச் செய்து விற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கதவும் கட்டிலும் செய்த 4ஆம் எண்ணோ சந்தையில் சீந்துவாரில்லாமல் கிடக்கும். விலை உபயோகத்துக்கு நேர் எதிராக ஓடும் இந்தக் கணக்கு, என்னைப் போன்ற அரைச் சம்பளக்காரனுக்கு ஆண்டவன் செய்த உபகாரம்.

என்னிடம் உள்ள 4ஆம் எண்ணின் பிடி மூலத்தில் ரோஸ்வுட்டாக இருந்திருக்கும். அது எப்போதோ உடைந்து, யாரோ ஒரு ஆசாரி வேப்பமரத்தில் புதுப்பிடி செதுக்கி மாட்டியிருக்கிறார். பக்கவாட்டில் 'கே.எம்.' என்று எழுத்து வெட்டியிருக்கிறது. ஒரு தடவை வெட்டியது போதாமல் மூன்று இடத்தில். பட்டறையில் கூட இருந்தவர்களின் லட்சணம் அப்படி இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்திலும் தச்சர்கள் தங்கள் மர இழைப்புளிகளின் மூக்கில் பெயரை அடித்து வைத்துக்கொண்டார்கள்; ஒரே இழைப்புளியில் இரண்டு மூன்று தலைமுறைக்காரர்களின் பெயர் அடுத்தடுத்து நிற்பதும் உண்டு. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டுவதும் அதே அவநம்பிக்கையில்தான். நண்பர் என் இழைப்புளியைப் பார்த்துவிட்டு, "பாவி, மதிப்பையே கெடுத்துட்டான்" என்று கே.எம்.மைத் திட்டினார். வேப்பம்பிடி என் உள்ளங்கைக்குச் சற்றுப் பருமனாக இருந்ததால் நானும் அரத்தை எடுத்து ராவினேன். நண்பர் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் போனை எடுக்கவில்லை.

கருவியைத் தன் கைக்குத் தக்கபடி திருத்திக்கொள்வது தச்சுத் தொழிலில் தீட்டே கிடையாது. உடைந்த ஆக்ஸா பிளேடில் துணி சுற்றினால் கத்தி. கண்ணாடிச் சில்லு இருந்தால் பாலிஷுக்கு முன் மரத்தைச் சுரண்டிவிடலாம். தேய்ந்த அரம் உளியாக மறுபிறவி எடுக்கும். அரத்து எஃகு அளவுக்கு மீறிய கடினம், அப்படியே உளியாக்கினால் முனை பொரிந்து போகும். அடுப்பில் வைக்கோல் நிறம் வரும்வரை சுட்டு அதன் திமிரை அடக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த அடுப்பில்தான் சாம்பாரும் கொதிக்கிறது என்பதால், சாப்பாட்டு நேரத்துக்கும் எனக்கும் சில எல்லைத் தகராறுகள் உண்டு.

துருவை எடுக்கப் புளிக்கரைசலைப் போல எளிய மருந்து இல்லை. குத்துவிளக்குத் தேய்க்கும் அதே புளிதான். அதன் அமிலம் துருவையும் கரைக்கும். ஒரு ராத்திரி ஊறினால் இரும்பு சாம்பல் நிறத்தில் எழுந்து வரும். ஆனால் கிலோ கணக்கில் புளி காணாமல் போனால் வீட்டில் கேள்வி வரும். ஆகவே இப்போது பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியிலும் நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் துண்டிலும் மாட்டிவிடுகிறேன். குமிழி கிளம்பும், துரு கழன்றுவிடும். எவர்சில்வர் தகட்டை மட்டும் நேர்முனையில் மாட்டிவிடக் கூடாது, விஷமான குரோமியம் கரைந்து வரும். பால்கனியில் வயர் செருகிய வாளி குமிழி விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்த எதிர்பிளாக்காரர், அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் பொதுவாக ஒரு விஷயம் பேசினார். எல்லோரும் பொதுவாக என்னைப் பார்த்தார்கள்.

துருவை எடுத்தால் போதாது, திரும்பி வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னைக் கடல்காற்றில் இரும்பு மனிதனைவிட வேகமாக மூப்படைகிறது. ஜப்பான்காரர்கள் இதற்குக் கமேலியா எண்ணெய் பூசுகிறார்கள். நான் சுத்தியலிலிருந்து ரம்பம்வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி விடுகிறேன். பெரிய சத்துரு ஆயுத பூஜைதான். அன்று வீட்டில் ஈரச் சந்தனத்தைக் குழைத்து எல்லாக் கருவிகளிலும் பக்தியோடு அப்பிவிடுவார்கள். மறுநாள் துடைத்தால் ஒவ்வொரு பொட்டுக்கு அடியிலும் செம்மையாக இன்னொரு பொட்டு இருக்கும். அன்றைக்குக் கருவிகளுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது முறை. என் கருவிகளுக்கு மற்ற நாள்களோடு வித்தியாசம் தெரிந்திருக்காது.

எங்கள் வீட்டில் தினமும் உழைக்கும் ஒரே பழங்கருவி அம்மாவின் அரிவாள்மனை. பாட்டி கொண்டுவந்த சீதனம். பலகை மாறியிருக்கிறது, ஆணி மாறியிருக்கிறது. அலகு தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்து, ஒரு பக்கம் உள்வாங்கி வளைந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் வாழைக்காய் சரியாக உட்காரும். மழுங்கிய கருவிதான் ஆபத்து, கூர்மையான கருவி சொன்ன பேச்சைக் கேட்கும் என்று எல்லாக் கைத்தொழில் புத்தகங்களும் சொல்கின்றன. அதன்படி கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, முழங்கை முடி உதிரும் அளவுக்கு அலகைத் தீட்டிவைத்தேன். காலையில் அம்மா முதல் வெண்டைக்காயை வைத்ததும் நிமிர்ந்தார்.

"எவன்டா இதுல கை வெச்சது?"

"நல்லா வெட்டுதாம்மா?"

"அதான் கேக்கறேன். அது பாட்டுக்கு வெட்டிண்டு போறது. நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?"

இரண்டு வாரம் தேங்காய் உடைத்து, பூசணி கீறி, அதைத் தன் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பக்கம் நான் இப்போது போவதில்லை.

போன மழைக்காலத்தில் வாசல் கதவு ஊதி, நிலையில் சிக்கிக்கொண்டது. தச்சர் மின்சார மெஷினோடு வந்தார், வந்ததும் கரண்ட் போயிற்று. இதற்காகவே காத்திருந்தவன் போல நான் 4ஆம் எண்ணை எடுத்து நீட்டினேன். பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். பிளேடின் மேல் உட்காரும் தகட்டை முனைக்கு மயிரிழை தூரம் வரைக்கும் தள்ளி முடுக்கினார். சீவல் அங்கேயே மடிந்து முறிந்தால்தான் எதிர்நாரில் மரம் பிய்யாது. "இன்னும் அரை நூல் போகணும்" என்று ஓரமாகத் தள்ளினார். சீவல் முழு நீளத்துக்கு உருண்டு விழுந்தது.

"நல்ல அயிட்டம் சார். எங்க தாத்தாகிட்ட இது மாதிரி ஒரு மூட்டை இருந்துச்சு. எடைக்குப் போட்டுட்டுத்தான் இந்த மெஷின் வாங்கினோம்."

"எந்தக் கடையில போட்டீங்க?"

"அது ஆச்சு சார், அஞ்சாறு வருஷம்."

"கடை இன்னும் இருக்கா?"

கதவு சாத்துகிறதா என்று நான் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

கே.எம். வெட்டிய இடத்துக்குக் கீழே என் எழுத்தையும் வெட்டிவிடலாம் என்று கொஞ்ச நாளாக ஒரு எண்ணம். வீட்டு இனிஷியலும் பெயரும் சேர்ந்தால் எஸ்.ஆர். அதற்கு எழுத்து அச்சு வேண்டும். எஃகுக் கட்டையின் முனையில் ஓர் எழுத்து, சுத்தியலால் தலையில் அடித்தால் இரும்பில் பதியும். சந்தையில் மரப்பெட்டியோடு ஒரு செட் கிடைத்தது. திறந்து பார்த்தேன். 'ஏ' தலை பரந்து காளான் பூத்திருந்தது. 'எம்' முனை பொரிந்திருந்தது. 'கே'க்கு ஒரு கால் இல்லை. 'எஸ்' இருந்த குழியும் 'ஆர்' இருந்த குழியும் காலி. 'க்யூ', 'எக்ஸ்', 'இசட்' மூன்றும் பட்டறையிலிருந்து நேற்று வந்த பளபளப்போடு நின்றன.

"வேண்டியது ரெண்டுமே இல்லையே தம்பி."

தம்பி பெட்டியை என் பக்கம் திருப்பினார்.

"இசட் அடிச்சுக்கோங்க சார். பீஸைப் பாருங்க, யாருமே தொட்டது இல்ல."