நாலாவது கடை

என்ன பேராண்டி, நம்ம தெருவுல மூணு செல்போன் கடை இருக்க, நாலாவதா நீயும் ஒண்ணு போடப் போறியாமே? பலே! அந்த மூணு பேரும் ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க, துணைக்கு ஒரு ஆள் வேணாமா?

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முந்தி ஒருநா கண்மாய்க்கரையில போய் உக்காரு. கரையோரச் சகதியில மடையான் ஆடாம அசையாம நிக்கும். கொஞ்சம் உள்ள, கரண்டிவாயன் அலகைத் தண்ணியில விட்டு, கதிர் அறுக்கற மாதிரி இடமும் வலமும் வீசிக்கிட்டே நடக்கும். நத்தைக்குத்தி நாரைக்கு நத்தைதான் முக்கியம், மீனு அப்புறம். ஆழத்துல முங்கிப் பிடிக்க நீர்க்காகம் இருக்கு. இதுக எல்லாம் அடையப் போற நேரத்துக்கு வக்கா எந்திரிச்சு ராத்திரி வேட்டைக்கு வரும். கண்மாய் ஒண்ணு, பந்தி அஞ்சு.

பெருந்தன்மைன்னு நினைச்சுராத. ஒரே இரைக்கு ஒரே இடத்துல முட்டுனா ரெண்டுக்கும் வயிறு காயும், அதான் ஒதுங்கிக்கிருச்சுக.

ஒதுங்காட்டி? ரஷ்யாவுல காஸ்னு ஒருத்தர். பாரமீசியம்ங்கற பொடி உசுருல ரெண்டு இனத்தை ஒரே குழாயில விட்டு, ஒரே தீனியைப் போட்டாரு. ஒண்ணு பெருகுச்சு, இன்னொண்ணு பூண்டோட போச்சு. 1934-ல அதைப் புத்தகமாவே எழுதிட்டாரு. சங்கதி அதோட முடியல. தோத்துப்போன அதே இனத்தை வேற ஒரு இனத்தோட விட்டாரு. ஒண்ணு மேல மிதக்கற பாக்டீரியாவைத் தின்னுச்சு, ஒண்ணு அடியில படிஞ்ச ஈஸ்ட்டைத் தின்னுச்சு. ரெண்டும் பொழைச்சுக்கிருச்சு. அப்ப தோத்தது ஒண்ணும் சோம்பேறி இல்லையே! உக்காந்த இடம்தான் தப்பு.

எல்லாப் பந்தியிலயும் கை வைக்கற ஆளும் உண்டு. 1952-ல ஆப்பிரிக்கா ஜிலேபி மீனை நம்ம நாட்டுக்குக் கொண்டாந்தாங்க. பாசி, புழு, பொடிமீன், எதையும் விடாது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வச்சுக் காப்பாத்தும். நாட்டு மீனு அதுகூட எப்படி மல்லுக்கட்டும்?

உனக்கு அப்படி வயிறும் வாயும் இருந்தா நாளைக்கே கடையைத் தொற. காலையில எட்டு மணிக்கே எந்திரிக்க மாட்டேங்கற, அதான் கேக்கறேன். இல்லாட்டி, அந்த மூணு பேரும் செய்யாத வேலையாப் பாரு. காயில் கட்ட ஆளில்லாம ஊரே மோட்டாரைத் தூக்கிக்கிட்டு டவுனுக்கு அலையுது. அதைக் கத்துக்கிட்டு வா. அட்வான்ஸ் பணம் நான் தாரேன்.