கழற்ற முடியாத பெருமை

லென்ஸ் கழலாத ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்று வாங்குவதென்று முடிவு செய்துவிட்டீர்களா? முதலில் ஒரு பெரிய கும்பிடு. இந்த முடிவுக்கு வந்து சேர்கிறவர்கள் சாமானியர்கள் இல்லை. அகலக்கோணம், போர்ட்ரெய்ட், மேக்ரோ, டெலி என்று ஒவ்வொரு லென்ஸாக வாங்கிக் குவித்து, தோள்பட்டை இறங்கும்வரை சுமந்து, கடைசியில் தம் படங்கள் சுமாராக வருவதற்குக் காரணம் லென்ஸ் அதிகமாக இருப்பதுதான் என்று கண்டறிந்த ஞானிகள். காரணம் தெரிந்த பிறகு பரிகாரத்துக்குச் செலவு பார்க்கலாமா?

பரிகாரமும் எட்டாத விலையில் இல்லை. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்து லைகா நிறுவனம் 2015இல் ‘கியூ’ கேமராவை 4,250 டாலருக்குக் கொண்டுவந்தது. 2019இல் கியூ2, 4,995 டாலர். 2023இல் கியூ3, 5,995. அடுத்த ஆண்டே 28 மி.மீ. லென்ஸுக்குப் பதிலாக 43 மி.மீ. லென்ஸ் வைத்து ஒரு கியூ3, 6,895. இந்த எண்களில் உள்ள இரக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஐயாயிரம், ஆறாயிரம் என்று சொல்லி யார் மனத்தையும் அவர்கள் புண்படுத்தவில்லை. கியூ2 முதல் ஒவ்வொரு தடவையும் ஐந்து டாலரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். செருப்புக் கடையில் 499 ரூபாய் 95 காசு என்று எழுதி வைப்பவரின் அதே கருணை. இதை ரூபாயில் மாற்றிப் பார்ப்பது அநாகரிகம். சுங்கவரியைக் கூட்டிப் பார்ப்பது அதைவிட அநாகரிகம்.

விலை ஒருபுறம் இருக்கட்டும். வாங்குவதற்குமுன் ஒரு பெரிய விசாரம் காத்திருக்கிறது: 28ஆ, 35ஆ? லைகா 28 என்கிறது, சோனி 35 என்கிறது. ஒரே சுவரை இரண்டு கேமராவிலும் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, இடப்பக்க மூலையிலிருக்கும் செங்கல் எதில் கூர்மை என்று மாதக்கணக்கில் ஒப்பிடுகிறார்கள். வீட்டார் விளக்கை அணைக்கச் சொல்லும்வரை நடக்கும் இந்த ஆராய்ச்சியை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. கணக்கு என்னவோ சின்னதுதான். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 28 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 3.9 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 35 மி.மீ. லென்ஸ் 3.1 மீட்டர். அதே அகலம் 35இலும் வேண்டுமென்றால் முக்கால் மீட்டர் பின்னால் போக வேண்டும். அதாவது, ஒரு எட்டு. (நிற்கும் தூரம் மாறினால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் படத்தில் சேரும் விதமும் மாறும் என்று நிபுணர்கள் சொல்வார்கள். வாஸ்தவம்தான், ஒரு எட்டு அளவுக்கு மாறும்.) அந்த எட்டை எடுத்துவைக்கும் சிரமத்திலிருந்து மனிதகுலத்தைக் காக்க இரண்டு கண்டங்களில் பொறியாளர்கள் கண் விழித்து உழைத்திருக்கிறார்கள்.

43 மி.மீ. வந்தபின் விசாரம் மும்முனையாகிவிட்டது. கேமராவின் உடம்பு அதே கியூ3தான், லென்ஸ்தான் வேறு. இரண்டு கோணமும் வேண்டும் என்கிறவர் இரண்டையும் வாங்கலாம், அறிமுக விலையில் மொத்தம் 12,890 டாலர். லென்ஸ் மாற்றும் தொல்லை அடியோடு ஒழிந்தது. கேமராவையே மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு வாங்க வசதியில்லாதவர்களையும் லைகா கைவிட்டுவிடவில்லை. கியூ3இல் ஒரு பொத்தானை அழுத்தினால் 28 என்பது 35 ஆகும், 50 ஆகும், 75 ஆகும், 90கூட ஆகும். லென்ஸ் அசையாது. உள்ளே ஒரு கண்ணாடித் துண்டும் நகராது. படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் நாமே ஓசியில் செய்துகொள்ளும் வேலையை நடுத்தெருவிலேயே நமக்காகச் செய்து தரும் இந்த உபசாரம் வேறெங்கே கிடைக்கும்? 60 மெகாபிக்சல் படம் 35க்கு வெட்டினால் 39 மெகாபிக்சல், 50க்கு 19, 75க்கு 8, 90க்கு 6.

இதன் அழகு முழுதாகப் புரிய வேண்டுமென்றால் சென்சாரின் பரப்பைப் பார்க்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் என்பது 36க்கு 24 மி.மீ.; 864 சதுர மில்லிமீட்டர். அந்தப் பரப்புக்காகத்தான் இத்தனை டாலர். 75 மி.மீ. வெட்டில் அதில் வேலை செய்வது 120 சதுர மில்லிமீட்டர். ‘ஒரு இன்ச்’ என்று சொல்லப்படும் சிறிய சென்சாரின் பரப்பு 116. அந்த ஒரு இன்ச் சென்சாரைச் செல்போனில் வைத்து, அதன்மேல் லைகா என்ற பெயரையும் பொறித்து, ஷாவ்மி நிறுவனம் 2022இலிருந்தே விற்றுக்கொண்டிருக்கிறது. பெயரும் அதே பெயர், பரப்பும் கிட்டத்தட்ட அதே பரப்பு. ஆனால் நம்முடையதில் நாலு சதுர மில்லிமீட்டர் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. போனில் யாரையாவது கூப்பிட முடியும் என்ற கவனச்சிதறலும் இதில் கிடையாது.

90க்குப் போனால் பரப்பு 84 சதுர மில்லிமீட்டராகிவிடும். பழைமையைப் போற்றுகிறவர்களுக்கு இது உவப்பான இடம். 2003இல் கேனன் 899 டாலருக்கு விற்ற 300டி கேமராவில் 6.3 மெகாபிக்சல் இருந்தது. இருபது ஆண்டு கழித்து, ஆறரை மடங்கு விலையில், அதே ஆறு மெகாபிக்சல் யுகத்துக்கு ஒரு பொத்தானில் திரும்பிப் போகிறோம். அந்த 300டியின் சென்சார் இந்த வெட்டுத் துண்டைப்போல நான்கு மடங்கு இருந்தது என்று குறுக்கே பேசுகிறவர்கள் இருப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அதில் லென்ஸ் கழலும்.

பள்ளி ஆண்டு விழாவில்தான் இந்தக் கேமராவின் உள்ளம் தெரியும். பெற்றோருக்கு இடம் கிடைப்பது கடைசி வரிசையில். மேடை முப்பது மீட்டர் தூரம். 1.2 மீட்டர் உயரமுள்ள உங்கள் மகள் பாரதமாதா வேஷத்தில் நிற்கிறாள். 28 மி.மீ. லென்ஸ் அவளை சென்சாரின்மேல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில் பதிக்கும்; படத்தின் உயரம் 6,300 பிக்சலுக்கு மேல், அதில் மகளுக்கு முந்நூறு. மீதி முழுவதும் மேடை, திரைச்சீலை, டியூப்லைட், முன்வரிசைத் தலைகள், தலைவருக்குப் போர்த்திய பொன்னாடை. தன் பிள்ளையை மட்டுமே பார்க்கும் சுயநலத்தைப் பக்கத்து இருக்கையில் ஜூம் லென்ஸோடு உட்கார்ந்திருப்பவரிடம் விட்டுவிட்டு, ஊரையே ஒரே படத்தில் அணைத்துக்கொள்ளும் விசாலம் இந்தக் கேமராவுக்கு உண்டு.

சோனியின் தியாகம் வேறு வகை. 2012இல் வந்த ஆர்எக்ஸ்1தான் ஃபுல் ஃப்ரேம் சென்சாரையும் ஸைஸ் என்ற லென்ஸ் நிறுவனத்தின் பெயர் தாங்கிய 35 மி.மீ. லென்ஸையும் அரைக் கிலோவுக்குள் அடக்கிக் காட்டியது. 2,800 டாலர். அடக்குவதற்காகக் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை விட்டுவிட்டார்கள். வேண்டுகிறவர்கள் சுமார் 450 டாலர் கொடுத்து வாங்கி மேலே செருகிக்கொள்ளலாம் என்றார்கள். லென்ஸின் வாயில் மாட்டும் ஹூட் 180 டாலர். கட்டைவிரல் பதிய ஒரு உலோகத் துண்டு 250. கட்டைவிரலை மட்டும் நாம் வீட்டிலிருந்து கொண்டுபோகலாம், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. 2015இல் வந்த இரண்டாம் பதிப்பில், அழுத்தினால் எழும்பும் வியூஃபைண்டர் சேர்ந்தது. பேட்டரி ஒரு சார்ஜுக்கு 220 படம் என்றார்கள். முப்பத்தாறு படச் சுருளில் ஒரு கல்யாணத்தையே முடித்த தலைமுறைக்கு இது ஆறு சுருளுக்கு மேல். குறை சொல்ல வாயெடுப்பவர்கள் ஊதாரிகள்.

அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டு மௌனம். வாங்கத் துடித்தவர்கள் அந்தப் பத்தாண்டில் பொறுமை கற்றார்கள். 2025 ஜூலையில் மூன்றாம் பதிப்பு வந்தது: 61 மெகாபிக்சல், ஏறக்குறைய 5,100 டாலர். லென்ஸ் 2012இன் அதே லென்ஸ். ஒருமுறை சரியாகச் செய்ததை எதற்குத் தொட வேண்டும்? கை நடுக்கத்தைத் தணிக்கும் ஏற்பாடு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அன்றைக்கு 24 மெகாபிக்சலில் மங்கலாகத் தெரிந்த நம் நடுக்கம் இப்போது 61 மெகாபிக்சல் துல்லியத்தில் பதிவாகும். இரண்டாம் பதிப்பில் இருந்த மடங்கும் திரையை எடுத்துவிட்டார்கள். லைகா அதுவரை பிடிவாதமாக மறுத்துவந்த மடங்கும் திரையை 2023இல்தான் கியூ3இல் சேர்த்திருந்தது. ஒருவர் சேர்க்க, இன்னொருவர் எடுக்க, உலகத்தில் மடங்கும் திரைகளின் எண்ணிக்கை அளவு மீறிப் போகாமல் இரு நிறுவனங்களும் பொறுப்போடு பார்த்துக்கொள்கின்றன.

ஸைஸ் தானே களத்தில் இறங்கிய கதை சின்னது. 2018இல் இசட்எக்ஸ்1 என்று அறிவித்தார்கள். 37 மெகாபிக்சல், உள்ளேயே 512 ஜிபி, படத்தைச் செப்பனிட அடோபியின் லைட்ரூமும் கேமராவுக்குள்ளேயே. மெமரி கார்டு போட இடமே வைக்கவில்லை. அறிவித்த இரண்டாண்டு கழித்து 6,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் கடையை விட்டே போனது. வாங்காதவர்களுக்கு அது மிச்சப்படுத்திக் கொடுத்த தொகையை நினைத்தால், இந்த வகைக் கேமராக்களிலேயே அதிகம் பேருக்கு நன்மை செய்தது அதுதான்.

பொதுவான சிறப்புகளும் உண்டு. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஷட்டர் ஏறக்குறைய சத்தமே போடாது. படம் எடுக்கப்பட்டவருக்குத் தெரியாது, எடுத்தவருக்கும் சந்தேகம்தான். லென்ஸ் கழலாததால் தூசி உள்ளே போகாது என்பார்கள். அப்படியே போய்விட்டாலும், அதே காரணத்தால் வெளியே வராது. உடைமையாளர் ஊதித் தள்ள முடியாத அந்த ஒரு துகளுக்காக சர்வீஸ் சென்டருக்கும் நமக்கும் இடையே நீண்ட கால உறவு ஏற்படும்.

விற்கிறவர்கள் தவறாமல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோனின் பெயரைச் சொல்வார்கள். வாழ்நாளில் பெரும்பகுதி ஒரே 50 மி.மீ. லென்ஸில் எடுத்தவர் அல்லவா? உண்மை. அவருடைய லைகாவில் லென்ஸ் கழலும், அவர்தான் பெரும்பாலும் கழற்றவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை அவர் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. நமக்கு அதைத் தொழிற்சாலையிலேயே திருகி இறுக்கித் தந்துவிடுகிறார்கள். கேமராவின் பளபளப்பு யார் கண்ணிலும் படக் கூடாதென்று அவர் கறுப்பு நாடா ஒட்டிக்கொண்டார். கியூ வாங்கியவர்களிலும் பக்தர்கள் லைகாவின் முத்திரையான சிவப்புப் பொட்டின்மேல் கறுப்பு நாடா ஒட்டுகிறார்கள். கறுப்பு நாடா ஒட்டிய கேமரா என்றால் உள்ளே இருப்பது என்னவென்று விவரம் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும் என்பதால் அடக்கமும் கெடுவதில்லை, செலவும் வீணாவதில்லை.

நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்த அக்ஃபா கிளிக்-3ஐயும் இந்த வம்சாவளியில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கழலாத ஒற்றை லென்ஸ், ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் படம்; ஃபுல் ஃப்ரேமைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. சேர்க்க முடியாது. அதில் மாமாக்கள் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

உயர்வகைக் கேமராவுக்கு அந்த அவமரியாதை நேராது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி, மாலை சூடி, மயிற்பீலி அணிந்திருந்த வேல்களை ஔவை வாயாரப் புகழ்ந்தாளாம். இன்றைக்கு வந்தால் அவளுக்குச் சொல் போதாது. ஈரப்பதம் நாற்பது சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினெட். கன்றுத்தோலில் கையால் தைத்த அரையுறை. பட்டுக் கயிற்றில் ஜப்பானியப் பின்னல் ஸ்ட்ராப். திரைமேல் கண்ணாடித் தாள், அந்தத் தாளின்மேல் இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக். மழை வருகிறதா, கடல் காற்றா, திருவிழாக் கூட்டமா, அன்றைக்குக் கேமரா வீட்டில் இருக்கும். உடையவர் போனில் எடுத்துக்கொள்வார். கேமராவை எடுத்த படங்கள்தான் கேமராவில் எடுத்தவற்றைவிட நேர்த்தியாக இருக்கும். மேஜை, அதில் காபிக் கோப்பை, பக்கத்தில் சாய்ந்த வெயிலில் லென்ஸ்.

இதெல்லாம் வெறும் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் செகண்ட்ஹேண்ட் சந்தையைக் காட்டுங்கள். அங்கே மதிப்பு ஷட்டர் எண்ணிக்கையில் இருக்கிறது. அடித்துப் பிடித்து ஊர் சுற்றி முப்பதாயிரம் படம் எடுத்தவனுக்கு விலையில் வெட்டு விழும். பெட்டி, பில், உறை, எல்லாம் பத்திரமாக வைத்து, ‘இருநூறு படத்துக்கும் குறைவு’ என்று எழுதக்கூடியவருக்குத்தான் போட்டி போட்டுக்கொண்டு பணம் தருவார்கள். படம் எடுக்காமல் இருந்ததற்கு ரொக்கமாகக் கிடைக்கும் சன்மானம் அது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 43 மி.மீ. வாங்கிவிடலாம்.