தூக்கத்தைக் கெடுத்த கதை

கேள்வி: இமையத்தின் ‘பெத்தவன்’ நெடுங்கதையை ஒரே மூச்சில் படித்தேன். அன்று ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. எந்தப் பேய்ப் படமும் என்னை இப்படிப் படுத்தியதில்லை. ஆளை நிம்மதி இழக்கச் செய்வதற்கா கதை எழுதுகிறார்கள்? எழுத்தாளரையே கேட்டுவிடலாம் என்றிருக்கிறது.
— ஒரு வாசகர், களமருதூர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் உங்களுக்கு முன்னால் வரிசை நீளம். 1948 ஜூன் 26 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் ஷெர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’ வந்தது. ஒரு சின்ன ஊர், வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கல், யாருக்குச் சீட்டு விழுகிறதோ அவரை ஊரே கூடிக் கல்லால் அடிக்கும்; கதை அவ்வளவுதான். அந்தக் கோடையில் அவருக்கு முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள் வந்தன. அன்பாகப் பேசியவை 13தான், அவையும் பெரும்பாலும் நண்பர்களுடையவை என்று பின்னாளில் ஓர் உரையில் சொன்னார். பெற்ற தாயே கதை பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டார். வசவுக் கடிதங்களைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பவை வேறு சில. இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் போய்ப் பார்க்கலாமா என்று விசாரித்த கடிதங்கள் அவை. அதற்கும் முன்னால், 1917 ஏப்ரலில், காஃப்காவுக்கு ஒரு வாசகர் எழுதினார். ஒருவன் காலையில் எழும்போது பூச்சியாகிக் கிடக்கும் ‘உருமாற்றம்’ கதையை உறவுக்காரப் பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அவளுக்குப் புரியவில்லை. அவள் அம்மாவிடம் கொடுத்தாள், அவருக்கும் புரியவில்லை. இன்னொரு பெண்ணுக்குப் போயிற்று, அங்கும் அதே கதி. குடும்பத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் நீங்கள்தானே, விளக்கம் சொல்லுங்கள் என்று எல்லாரும் சேர்ந்து இவரைப் பிடித்துக்கொண்டார்கள். போரில் பதுங்குகுழியில் ரஷ்யர்களைத் தாங்கியவர், உறவுப் பெண்களிடம் மானம் போவதைத் தாங்க முடியாமல் காஃப்காவிடமே முறையிட்டார்.

அந்தக் குடும்பத்தில் கதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருந்ததைக் கவனியுங்கள். யாராலும் அதைத் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. பயங்கரமான கதையைப் படித்தவர் எழுதும் கடிதத்தில் கோபம் மேலாகத் தெரியும். அவர் அடியில் கேட்பது துணை. எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கும் நேர்ந்ததா என்பதே அவர் கேள்வி. நீங்களும் எழுத்தாளரைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். படித்ததை முழுசாக வாங்கிக்கொண்டவர்தான் இப்படி எழுதுவார். உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். குற்றவாளி யார் என்பதில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை.

பயங்கரமான கதை உங்கள் உளுந்தூர்ப்பேட்டைச் சீமைக்குத் தெரியாத சங்கதியா? கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் நடப்பது என்ன? போரில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகப் பெற்ற மகன் அரவானையே பலி கொடுக்கும் பாரதக் கதை. சாகப்போகிறவனுக்கு ஒரு ராத்திரிக் கல்யாணம். மறுநாள் அழுகளத்தில், அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் வளையல் உடைத்து, தாலி அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். அரவான் களபலிக் கூத்தை இந்த வட்டாரத்துக் குழந்தைகள் தாயின் மடியில் படுத்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள். இதைவிடப் பயங்கரமான கதையை எந்த நாட்டில் எழுதினார்கள்? ஆனாலும் கூத்து மனசைக் கெடுக்கிறது என்று இங்கே யாரும் புகார் சொல்வதில்லை. அழுவதற்கு இடம் இருக்கிறது, நாள் இருக்கிறது, கூட அழ ஆள் இருக்கிறது. அச்சுப் புத்தகம் கதையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, கூட அழுகிற ஊரைக் கொடுக்காமல் போய்விடுகிறது. விடிய விடியப் பலர் சேர்ந்து சுமந்த பாரத்தை ராத்திரி ஒரு மணிக்கு ஒற்றை ஆள் சுமந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

கேள்வி: அரவான் பாரதத்து ஆள். அவனுக்காக அழுதால் யாருக்கும் இழுக்கில்லை. ‘பெத்தவன்’ நம் பக்கத்துப் பேச்சில், நம் பக்கத்து ஊரைப் பற்றிச் சொல்கிறது. படிக்கிறவர்கள் நம்மைக் காட்டுமிராண்டிகள் என்று நினைக்க மாட்டார்களா? கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கிறாரே?
— இன்னொரு வாசகர், களமருதூர்

பதில்: மிகையா என்று முதலில் பார்த்துவிடுவோம். கதையில் ஊர்ப் பஞ்சாயத்து ஒரு தகப்பனிடம், தலித் இளைஞனைக் காதலித்த மகளை நீயே கொன்றுவிடு என்கிறது. அவர் ஒப்புக்கொண்டதுபோல் காட்டிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மகளை அனுப்பிவைக்கிறார். பிறகு தானே விஷம் குடித்துவிடுகிறார். இனி விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டைக்கு வாருங்கள். 2003 ஜூலையில் அங்கே சாதி மாறி மணந்த கண்ணகி, முருகேசன் என்ற மனைவி கணவனுக்கு விஷம் ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். 18 ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. அவர்களில் பெண்ணின் தகப்பனும் அண்ணனும் உண்டு. இந்தக் கதை அந்த வழக்கின் நகல் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மென்மையானது என்று தெரியும். கதைத் தகப்பன் மகளைக் காப்பாற்றுகிறார். நிஜத்தில் தகப்பன் குற்றவாளிக் கூண்டில் நின்றார். நடந்ததைவிட இரக்கமுள்ள ஒன்றைத்தான் இமையம் எழுதியிருக்கிறார். அதைப் போய் மிகை என்கிறோம்.

கதை ‘உயிர்மை’யில் வெளிவந்த 2012ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 7ஆம் தேதி, தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து பெண்ணின் தகப்பன் இறந்துபோக, மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. அதற்குப் பிறகு இந்தக் கதையைப் படித்தவர்களுக்கு இது கதையாகவா இருந்திருக்கும்? தனி நூலாகி அது பல பதிப்புகள் கண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஊர் மானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஜாக்சனின் கதையைத் தென்னாப்பிரிக்க ஒன்றியம் தடை செய்தபோது, அவர்களாவது கதையைப் புரிந்துகொண்டார்களே என்று அவர் பெருமைப்பட்டார் என அவருடைய கணவர் எழுதியிருக்கிறார். கதைக்குத் தடை கேட்கும் ஊர், கதை தன்னைப் பற்றியதுதான் என்று தானாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. அதைவிடப் பெரிய இழுக்கு எது?

கேள்வி: வாசகர் கோபத்தை மதிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமாள்முருகனைப் பேனாவைக் கீழே வைக்கச் செய்ததும் வாசகர் கோபம்தானே?
— ஒரு வாசகி, களமருதூர்

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் வந்தது 2010இல். திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது 2014 டிசம்பரில். நாலு வருஷம் அந்த நாவல் படிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது, ஊர் கொந்தளிக்கவில்லை. சில பக்கங்களை மட்டும் பிரதி எடுத்து வீதியில் பரப்பிய பிறகுதான் கடையடைப்பு வந்தது. அந்தக் கூட்டத்தில் நாவலை முழுசாகப் படித்து மனம் நொந்தவர்களும் இருந்திருக்கலாம். அவர்கள் வருத்தம் உண்மையானது, அதற்கு எழுத்தாளர் காது கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் படித்தவரின் கோபம் எழுதியவனிடம் பதில் கேட்கும். ஊரை விட்டுப் போ என்று கேட்காது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம் என்ற கருத்தைச் சொல்லி அந்த நாவல் மீதான வழக்கை முடித்தது. சட்டத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. முதல் கேள்வி கேட்ட களமருதூர் நண்பர் புத்தகத்தை மூடித்தான் வைத்தார். மூடிய பிறகுதானே அவருக்குத் தூக்கம் போயிற்று?

கேள்வி: அப்படியானால் அட்டையிலேயே ஓர் எச்சரிக்கை போட்டுவிடலாமே? மனசு பலவீனமானவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். கதையின் ருசி கெட்டுவிடும் என்பீர்களோ?
— அதே வாசகி

பதில்: போடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சமீபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் ‘பெத்தவன்’ கதையை முன்னறிவிப்பே இல்லாமல் பிரிக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ருசி கெடும் என்ற வாதத்தைக் கூத்து எப்போதோ தோற்கடித்துவிட்டது. இன்று என்ன கதை என்று கட்டியங்காரன் முதலிலேயே சொல்லிவிடுகிறான். விடிவதற்குள் அரவான் தலை போகும் என்பது பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வருகிறார்கள், தெரிந்தேதான் அழுகிறார்கள். முடிவு தெரிந்தால் செத்துப்போகும் பயம் திடீரென்று கத்திப் பயமுறுத்துகிற படங்களுக்கு உரியது. ஆனால் அட்டையில் ஒரு வரி, படிப்பவரை வாசலில் நிறுத்தும். படித்து முடித்தவருக்கு அது உதவாது.

படித்து முடித்தவருக்கு நான் சொல்வது ஒன்று உண்டு. ‘பெத்தவன்’ பெரும்பாலும் பேச்சாகவே ஓடுகிற கதை. அதுவும் விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்துப் பேச்சு. களமருதூர்க்காரர் வாயில் யாரும் சொல்லித்தராமலே வந்து உட்காரும். நூலகத்திலோ, பள்ளிக்கூட மைதானத்திலோ, யார் வீட்டுத் திண்ணையிலோ ஒரு மாலை பத்துப் பேர் கூடி அதைச் சத்தமாகப் படியுங்கள். பஞ்சாயத்தார் பேச்சை நாலு பேர் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தகப்பன் பேச்சை, வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருக்கிற ஒருவரிடம் கொடுங்கள். படித்து முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போகக் கூடாது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.