தனியோட்டமும் துணையோட்டமும்: உளுந்தூர்பேட்டையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

யாப்புக்கும் அணிக்கும் இலக்கணம் வகுத்த தமிழ் உலகம், புதிதாக ஓடத் தொடங்குகிறவர் தனியாக ஓட வேண்டுமா, தம்மைவிட வேகமானவர்களோடு ஓட வேண்டுமா என்பதற்கு ஒரு சூத்திரம்கூடச் செய்துவைக்கவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. கள எல்லை உளுந்தூர்பேட்டை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர் இது. இந்த வழியா அந்த வழியா என்று இங்கே லாரி ஓட்டுநரே யோசிக்கும்போது, கால்நடையாக ஓடுகிறவர் யோசிப்பதில் வியப்பில்லை.

ஊருக்கு வேறு தகுதிகளும் உண்டு. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 10-ஆம் அணி இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்றும் அருகில் கிடக்கிறது. அதில் இப்போது விமானமே ஓடுவதில்லை என்பதால் அது இந்த ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது.

துணைவர் வகை

வேகத் துணைவர் மூவகைப்படுவர். முதலாமவர் போலீஸ் ‘செலக்‌ஷனுக்கு’ ஓடுகிற மச்சான். இரண்டாமவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடுகிறவர். இவர் கூட வருகிற மனிதரைப் பார்ப்பதில்லை. மூன்றாமவர் ஓடுவதைவிட, ஓடியதைச் சொல்வதில் வேகமானவர். இவரால் வரும் தீங்கு காதுக்கு மட்டுமே. எனவே முதலாமவரை மட்டும் விரிவாக ஆராய்வோம்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. 7 நிமிடம் என்பது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடி. அது உள்ளே விடுவதற்கான வேகம்தான் என்பதால், தயாராகிறவன் அதைவிடச் சீக்கிரமாக முடிக்கவே பழகுகிறான். இப்படிப்பட்ட இருபத்திரண்டு வயதுப் பையன், சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதாக டாக்டர் எச்சரித்து அனுப்பிய தன் அக்காள் கணவரைப் பார்த்துச் சொல்கிறான்:

“வாங்க மாமா, லேசா நாலு ரவுண்டு. பேசிக்கிட்டே ஓடலாம்.”

வாக்கியத்தில் தவறில்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே தொடக்கக்காரருக்கு உரிய வேகம் என்றுதான் உலகெங்கும் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் பேசுவது யார் என்பதை மச்சான் சொல்லவில்லை. பேசுவது அவன், மாமா ‘ம்’ கொட்டுகிறார். ‘ம்’ பேச்சில் சேராது. இரண்டாவது ரவுண்டில் ‘ம்’ நின்றுபோகிறது. மூன்றாவதில் விலா குத்துகிறது. நாலாவது ரவுண்டு வரலாற்றில் பதிவாகவில்லை.

இதன் காரணம் மர்மமானதன்று. ஓடத் தொடங்கியவுடன் உடம்பு கேட்கிற அளவு ஆக்சிஜன் உடனே வந்துவிடாது. நுரையீரலும் இதயமும் கணக்கைச் சரிசெய்ய இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தசை கடனில் ஓடுகிறது. பழகியவருக்குக் கடன் குறைவு, அடைப்பதும் சுருக்கு. புதியவர் முதல் ரவுண்டிலேயே மச்சானின் வேகத்தைப் பிடித்தால், கடன் தீரும் முன்பே அடுத்த கடன் ஏறுகிறது. 400 மீட்டர் வட்டத்தில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் ரவுண்டு. 7 நிமிடத்துக்குச் சீராகப் பகிர்ந்தால் ரவுண்டுக்கு 112 நொடி. கூட ஓடுகிறவனைப் பார்த்து முதல் ரவுண்டை 90 நொடியில் முடித்தவருக்கு 22 நொடி லாபம் என்று தோன்றும். கடைசி ரவுண்டு அதை வட்டியோடு வசூலித்துக்கொள்ளும்.

‘லேசா’ என்ற அந்த வாக்குறுதிக்கு இவ்வூரிலேயே ஒரு தலபுராணச் சான்று உண்டு. உளுந்தாண்டார்கோயில் மாஷபுரீஸ்வரர் கோயிலைப் பற்றிச் சொல்லப்படும் கதை: மிளகு மூட்டையோடு வந்த வணிகனிடம் ஒருவர் மிளகு கேட்டார். கொடுக்க மனமில்லாமல் ‘இது உளுந்து’ என்றான் வணிகன். கேட்டவர் சிவபெருமான் என்பதால் மூட்டை முழுதும் உளுந்தாகவே ஆகிவிட்டது. ஓட்டத்தில் இது தலைகீழாக நடக்கிறது. உளுந்து என்று சொல்லித்தான் அழைத்துப் போகிறார்கள். மூட்டையை அவிழ்த்தால் மிளகு. இதை ‘மிளகு–உளுந்து விதி’ என்று இனி அழைக்கலாம். வணிகனாவது பொய் என்று தெரிந்து சொன்னான். மச்சான் உண்மையென்று நம்பியே சொல்கிறான், அதுதான் ஆபத்து. அவனுக்கு அது உளுந்துதான்.

மேலை நாட்டார் கூற்று

1898-இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்ளெட் என்பவர், மிதிவண்டிப் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிட முன்னால் ஒருவர் வேகம் காட்டிப் போகும்போது விரைவாக ஓட்டுவதைக் கவனித்தார். அதைச் சோதிக்கச் சிறுவர்களைத் தூண்டில் நூல் சுற்ற வைத்தார். பலர் போட்டியில் வேகமாயினர். சிலர் பதற்றத்தில் கை தடுமாறி மெதுவாயினர். துணையோட்டக் கட்சியினர் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம்.

1969-இல் ராபர்ட் ஸயான்ஸ் இன்னும் துணிந்து கரப்பான் பூச்சிகளை ஓட விட்டார். வெளிச்சத்தைக் கண்டு தப்பி ஓடும் கரப்பான், நேர்ப்பாதையில் மற்ற கரப்பான்கள் சூழ இருக்கும்போது வேகமாக ஓடியது. வழி கண்டுபிடிக்க வேண்டிய சிக்கல் பாதையிலோ, மற்றவை இருந்தபோது தனியாக ஓடியதைவிடத் தடுமாறியது. தெரிந்த வேலையைக் கூட்டம் விரைவாக்கும், தெரியாத வேலையைக் கெடுக்கும் என்பது இதன் சாரம். தொடக்கக்காரருக்கு ஓட்டம் இன்னும் சிக்கல் பாதைதான். மூச்சை எப்போது விடுவது, கையை எங்கே வைத்துக்கொள்வது, குதிகாலை எப்படி ஊன்றுவது என்று ஒன்றும் கைவரவில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவன் மணிலாக்கொட்டை விலை பேசிக்கொண்டு வந்தால் கரப்பானுக்கு நேர்ந்ததே இவருக்கும் நேரும்.

மேலை நாட்டாரில் நமக்கு மிகவும் வேண்டியவர் ஜெர்மனியின் ஓட்டோ கோலர். 1920-களில் பெர்லின் துடுப்புப் படகுச் சங்கத்தாரை இரண்டு இரண்டு பேராக ஒரே கம்பியைத் தூக்க வைத்தார். இருவரில் வலுக் குறைந்தவர் தனியாகத் தூக்கியபோது இருந்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் இருவரின் வலுவுக்கும் இடையே நடுத்தரமான வித்தியாசம் இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது. ரொம்பச் சமமானாலும் ரொம்ப எட்டமானாலும் பலன் சுருங்கியது. இதிலுள்ள நுட்பத்தை எவரும் ஓட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. கம்பி ஒன்றே என்பதால், மெலிந்தவர் விட்டுவிட்டால் வலுத்தவரின் ஆட்டமும் முடிந்தது. மச்சானுக்கும் மாமாவுக்கும் நடுவே அப்படி ஒரு கம்பி இல்லை. மாமா நின்றால் மச்சான் திரும்பிப் பார்த்து, “நீங்க மெதுவா வாங்க மாமா” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். வரிசை கலையாமல் காலடி எண்ணி ஓடும் காவலர் அணியில் கம்பி உண்டு. அங்கே துணையோட்டம் பலிக்கிறது.

மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேயும் துணையோடுதானே ஓடினார் என்று கேட்பார்கள். உண்மை. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் அவர் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடியபோது, முறை வைத்து வேகம் காட்டியவர்கள் 41 பேர். ஆனால் அந்த 41 பேரும் அவருக்குத் தேவையான வேகத்தில் ஓடினார்கள். மாமாதான் மச்சானின் வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது.

திருநாவலூர்ச் சான்று

உள்ளூர்ச் சான்று இல்லாத ஆய்வு செல்லாது. சுந்தரர் பிறந்த திருநாவலூர் உளுந்தூர்பேட்டைப் பகுதியைச் சேர்ந்தது. அவர் வெள்ளை யானை மேல் கயிலைக்குப் புறப்பட்டபோது, நண்பர் சேரமான் பெருமாள் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதி அதைப் பறக்கவிட்டு யானையை முந்தினார். முந்தியவர் அழைப்பில்லாததால் வாசலில் நிறுத்தப்பட்டார். சுந்தரர் உள்ளே போய்ச் சொன்ன பிறகே அவருக்கு வழி கிடைத்தது என்கிறது பெரிய புராணம்.

உளுந்தூர்பேட்டை இருக்கும் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில் இன்னொரு மரபு. அவ்விருவரும் கயிலைக்குப் புறப்பட்டதை அறிந்த ஔவையார், தாமும் சேர்ந்துகொள்ள எண்ணி விநாயகர் பூசையை அவசரமாக முடிக்கப் பார்த்தார். அவசரம் வேண்டாம், நிதானமாகச் செய் என்றார் பிள்ளையார். விநாயகர் அகவல் அப்போது பாடியது என்பர். பூசை முடிந்ததும் பிள்ளையார் அவரைத் தும்பிக்கையால் தூக்கி, யானைக்கும் குதிரைக்கும் முன்னதாகவே கயிலையில் கொண்டு விட்டார். தனியாக, தம் வேகத்தில் போன வயதானவர் முதலில் சேர்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தும்பிக்கை வசதி எல்லோருக்கும் கிடைக்காது என்ற தடையைத் தனியோட்டக் கட்சி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தனியோட்டத்தின் குற்றம்

அது ஒன்றே: தனியாக ஓட நினைக்கிறவர் பெரும்பாலும் ஓடுவதில்லை. விடியற்காலையில் அலாரத்தை அணைப்பவரை ஏனென்று கேட்க ஆளில்லை. வாசலில் வந்து “மாமா!” என்று கத்த ஒருவன் இருந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். நாய் விஷயத்தில் இரு கட்சியும் சமம். தனியாகப் போனால் நாய்க்கு இருப்பது ஒரே ஆள். கூட்டமாகப் போனால் கடைசியில் வருகிறவர். இரண்டும் மாமாவே.

தீர்ப்பு

எழுந்திருப்பதற்குத் துணை வேண்டும், ஓடுவதற்கு வேண்டாம். ஆகவே இருவரும் சேர்ந்து போக வேண்டிய இடம் நெடுஞ்சாலையன்று, பள்ளி மைதானம். சாலையில் வேகக்காரன் விட்டுவிட்டுப் போவான். வட்டத்தில் தாண்டித்தான் போக முடியும், மறுபடி வருவான். மாமா தம் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில், தேவையானால் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, தனியாகச் சுற்றட்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக் கணக்காகும். அதற்கு முன் மச்சானைத் துரத்தினால் கணைக்கால் எலும்புதான் முதலில் முறையிடும். சில மாதம் போனபின், வாரத்துக்கு ஒரு நாள், கொஞ்சம் மட்டும் வேகமான ஒருவரோடு ஓடிப் பார்க்கலாம்.

கோலரின் கம்பிக்குப் பதில் டீக்கடையை வைத்துக்கொள்ளலாம். ஓட்டம் முடித்த மச்சான்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசி ஆள் வந்து சேரும்வரை டீ சொல்லாதீர்கள். மாமாவுக்குச் சர்க்கரை இல்லாமல் சொல்லுங்கள்.